வெட்டுமுன் அளத்தல்

(புதியம்புத்தூரில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால், பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவர் வந்து, தாம் பல்லாண்டு ஆராய்ந்து கண்ட விஷயத்தை ஆதாரங்களோடு எடுத்துரைப்பதே வழக்கம். ஆனால் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, காஜா எடுக்கும் பையனாகத் தையல் கூடத்துக்குள் நுழைந்து, பிறகு நாற்பது ஆண்டுக் காலம் துணி வெட்டும் மேஜையின் முன்னே நின்றவனை இவ்வாண்டு அழைத்திருக்கிறார்கள். ‘இலக்கியமும் மனித சுபாவமும் கல்வியின் பயனும்’ என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இதைப் பற்றிப் பேசப் பட்டம் எதுவும் என்னிடம் இல்லை. பள்ளிக்கூடம் என்னை விட்ட பிறகும் படிப்பை நான் விடவில்லை என்பது ஒன்றே என் யோக்கியதை. ஆகையால் ஒரு மாணவன் தன் நோட்டில் குறித்து வைத்துக்கொண்டவற்றை வாசித்துக் காட்டுவதாகவே இதைக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

நம் ஊரைப் பற்றி வெளியூரார் அறிந்தது ஆயத்த ஆடையைத்தான். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் இவ்வூர்த் தெருக்களில் நடப்பவன், ஒரு வீட்டுத் தையல் எந்திரத்தின் ஓசை காதிலிருந்து மறையுமுன்பே அடுத்த வீட்டு எந்திரத்தின் ஓசையைக் கேட்டுக்கொண்டு ஊரைக் கடந்துவிடலாம். வானம் பார்த்த கரிசலில் கம்பும் சோளமும் பருத்தியும் உளுந்தும் விதைத்து, புரட்டாசியில் மேகத்தை அண்ணாந்து பார்த்தும் மார்கழியில் கதிரைக் குனிந்து பார்த்தும் சலித்துப்போன குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது அந்த எந்திரமே. ஆயினும் மழையை எதிர்பாராத வேறொரு விளைச்சலும் இந்த மண்ணுக்கு உண்டு. நம் தாலுகாவின் தலைமை ஊராகிய ஒட்டப்பிடாரத்தில் 1872இல் வ.உ. சிதம்பரனார் பிறந்தார். எட்டயபுரத்தில் 1882இல் பாரதி பிறந்தார். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் அந்த எட்டயபுரத்தில்தான். கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவல் என்னும் சிற்றூரில், ஓராண்டு இடைவெளியில், 1922இல் கி. ராஜநாராயணனும் 1923இல் கு. அழகிரிசாமியும் பிறந்தார்கள். பூமணியும் சோ. தர்மனும் அந்தக் கோவில்பட்டி வட்டாரத்து மண்ணிலிருந்தே எழுதினார்கள். இவ்வளவு பேரையும் இன்று அளக்க முற்பட்டால் பொழுது போதாது. எனக்கு மிக நெருங்கிய சிலரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன்பு என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். துணியை மேஜையின் மேல் அடுக்கடுக்காக விரித்து, அட்டையை வைத்துச் சாக்குக்கட்டியால் கோடு இழுத்து, கத்தியை உள்ளே செலுத்துகிற கணத்தில், எத்தனை வருஷம் பழகியவனுக்கும் வயிற்றில் ஒரு சிறு பயம் எழும். தைத்ததைப் பிரிக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. ஒரு கோடு பிசகினால் ஒரு சட்டை மட்டும் போகாது, அடுக்கில் இருக்கும் அத்தனை சட்டையும் போகும். ஆகவே நல்ல கட்டிங் மாஸ்டர் என்பவன் வேகமாக வெட்டுகிறவன் என்று நான் எண்ணவில்லை. கத்தியைக் கையில் எடுத்த பிறகும், மீண்டும் ஒருமுறை அளவு நாடாவை எடுக்கக் கூசாதவனையே அப்படிச் சொல்வேன். மனிதர்களைப் பற்றி நாம் மனத்துக்குள் செய்துகொள்ளும் தீர்மானங்களும் இத்தகைய வெட்டுக்களே என்பதையும், அங்கே நம்மில் பெரும்பாலோர் அளவு நாடாவைத் தொடுவதே இல்லை என்பதையும் எனக்குக் கற்பித்தது இலக்கியம். அது கற்பித்த விதத்தைச் சொல்கிறேன்.

நான் நான்காம் வகுப்பில் படித்த காலம். எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவனுடைய பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கையிலும் காலிலும் சிரங்கு. அதன் மேல் ஈ மொய்க்கும். சட்டை என்று அவன் அணிந்திருந்தது வேறு யாருக்கோ தைத்தது. ஒரு நாள் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, நான் எழுந்து நின்று, எல்லாரும் கேட்கும்படியாக, இவன் பக்கத்தில் என்னால் உட்கார முடியாது என்று சொன்னேன். வகுப்பு சிரித்தது. அவன் அழவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. தன் சிலேட்டை எடுத்துக்கொண்டு சுவரோரமாகப் போய் உட்கார்ந்தான். அந்த வருஷம் முடியும் வரையில் அதுவே அவன் இடமாயிற்று. அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவுமில்லை. அவன் இல்லாததை நான் கவனித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது.

பத்து வருஷங்கள் கழிந்தன. தையல் கூடத்தில் எனக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. நூலகத்துக்குப் போய்ப் பத்திரிகைகளைப் புரட்டுவேன். ஒரு நாள் நூலகர், என் கையில் இருந்த துப்பறியும் நாவலை வாங்கி வைத்துவிட்டு, கு. அழகிரிசாமியின் சிறுகதைத் தொகுதி ஒன்றைக் கொடுத்து, ‘இதைப் படி, நம்ம பக்கத்து ஆள் எழுதினது’ என்றார். அதில் ‘ராஜா வந்திருக்கிறார்’ என்ற கதை இருந்தது. உங்களில் பலர் படித்திருப்பீர்கள். தீபாவளிக்கு முந்தின நாள். வறிய குடும்பத்துக் குழந்தைகளும் வசதியுள்ள வீட்டுப் பையனும் யாரிடம் என்ன இருக்கிறது என்று போட்டி போடுகிறார்கள். பாடப் புத்தகத்தில் யாருக்கு அதிகப் படம் என்பதில் தொடங்கும் அந்தப் போட்டி, பட்டுச் சட்டை வரையில் வளர்கிறது. இரவில், உடம்பெல்லாம் சிரங்கோடு, ஆதரவற்ற ஒரு சிறுவன் அந்த ஏழை வீட்டு வாசலுக்கு வருகிறான். அவன் பெயர் ராஜா. அந்த வீட்டுத் தாய் அவனை உள்ளே அழைத்து, தன் பிள்ளைகளோடு அவனுக்கும் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, உடுத்தவும் கொடுக்கிறாள்.

இந்தக் கதையைத் தரும சிந்தனையை வளர்க்கும் கதை என்று சொல்லிப் பாடத்தில் வைத்துவிடலாம். பலர் அப்படித்தான் பேசுகிறார்கள். நான் அதைப் படித்த அன்று என் நெஞ்சில் தைத்தது அந்தத் தாயின் கருணையைக் காட்டிலும் அவளுடைய தயக்கம். கணவனுக்கென்று எடுத்து வைத்திருந்த துண்டை இந்த அநாதைக்குக் கொடுப்பதா, கொடுத்தால் அவருக்கு நாளைக்கு என்ன இருக்கிறது என்று அவள் தடுமாறுகிறாள் பாருங்கள், அங்கேதான் அழகிரிசாமி என்னும் கலைஞன் நிற்கிறான். தயக்கமே இல்லாத ஒரு தெய்வத் தாயை அவர் படைத்திருந்தால், நான் கைகூப்பி வணங்கிவிட்டு, எனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை என்று புத்தகத்தை மூடியிருப்பேன். அவளோ என்னைப் போலவே கணக்குப் பார்க்கிறாள்; கணக்குப் பார்த்து முடித்து, அந்தக் கணக்கைத் தாண்டிப் போகிறாள். மனித சுபாவம் என்று நூல்கள் பேசுவதன் சாரம் எனக்கு அந்த ஒரு கணத்தில் விளங்கியது போலிருந்தது. நம்முடைய சிறுமையும் பெருமையும் இரண்டு வேறு மனிதர்களிடத்தில் பிரிந்து கிடப்பன அல்ல; ஒரே மனத்தில், ஒரே துண்டின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பவை.

அன்றிரவு சுவரோரத்துச் சிலேட்டு என் நினைவுக்கு வந்தது. பத்து வருஷம் எங்கே இருந்ததோ தெரியாது. கரிசல் நிலத்தைச் சித்திரை வெயிலில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கால் நுழையும் அளவுக்கு நிலம் வெடித்துக் கிடக்கும். மேல்மண் அந்த வெடிப்புக்குள் சரிந்து அடியாழத்துக்குப் போகும். மழை பெய்து மண் உப்பி மூடிக்கொள்ளும்போது கீழே போனது கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். உழாமலே தன்னைத் தானே புரட்டிக்கொள்ளும் மண் அது. என் மனத்திலும் மேல்மண்ணாகக் கிடந்து சரிந்துபோன ஒன்றை அந்தக் கதை மேலே கொண்டுவந்தது. பள்ளிக்கூடத்தில் நான் பெற்ற மதிப்பெண்கள் எவையும் செய்யாத காரியம் அது. கல்வியின் முதல் பிரயோஜனம் என்ன என்று என்னைக் கேட்டால், வெட்கப்பட வேண்டிய இடத்தில் வெட்கப்படும் சக்தியை அது தருகிறது என்பேன்.

அந்தக் கதையை எழுதியவர் எப்படி அந்தக் கண்ணைப் பெற்றார் என்று அறியும் ஆவல் அப்போதிருந்து என்னைத் தொடர்ந்தது. இடைசெவலின் இரு நண்பர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ராஜநாராயணன் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அழகிரிசாமி கைவினைத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. ராஜநாராயணன் எட்டாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. இளமையில் காச நோய் அவரை வாட்டியது. அழகிரிசாமி பள்ளி இறுதி வகுப்பு வரை படித்து, சிறிது காலம் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து, அதை உதறிவிட்டுப் பத்திரிகைத் தொழிலுக்குச் சென்னை போனார். மலாயாவுக்கும் போய்த் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றித் திரும்பினார். இருவரும் சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து சங்கீதம் கேட்டார்கள், கம்பனைச் சுவைக்கக் குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி.யிடம் போனார்கள். ஊர் பிரிந்த பிறகு கடிதங்களில் தொடர்ந்தார்கள்; அழகிரிசாமி எழுதிய கடிதங்களைப் பொக்கிஷமாகக் காத்து, பிற்காலத்தில் நூலாக்கியவர் ராஜநாராயணன்தான். வகுப்பறையும் தேர்வும் இல்லாமல், ஒருவனுக்கு மற்றவன் ஆசிரியனாகவும் மாணவனாகவும் இருந்த அந்தக் கல்விக்கு நம் கல்விக்கூடங்கள் எதுவும் ஈடாகாது என்பது என் அபிப்பிராயம். அழகிரிசாமி 1970 ஜூலையில் நாற்பத்தேழு வயது நிறையுமுன்பே காலமானார். அவ்வாண்டு சாகித்திய அகாதெமி பரிசு ‘அன்பளிப்பு’ தொகுதிக்காக அவருக்கு அளிக்கப்பட்டபோது அதைக் கையால் வாங்க அவர் இல்லை. நண்பர் அதே பரிசை 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குப் பெற்றார். ஒரு சிற்றூருக்கு இரண்டு அகாதெமிப் பரிசுகள்.

ராஜநாராயணன் செய்த ஒரு காரியத்தை மட்டும் இங்கே நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். எழுத்து வாசனையே அறியாத குடியானவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் கிழவிகளும் பேசிய சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, 1982இல் கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியை வெளியிட்டார். புலவர்கள் வாயில் வந்த சொல்லுக்கே அகராதியில் இடமுண்டு என்றிருந்த காலத்தில், ஏர் பிடிப்பவன் வாயில் வந்த சொல்லையும் பொருள் கண்டு போற்ற வேண்டிய சொல்லாக அவர் மதித்தார். யோசித்துப் பார்த்தால் இது ஒரு மொழித் தொண்டு மட்டுமன்று. படிக்காதவன் என்று நாம் ஒதுக்கியவனை, ‘நீ சொல்வதை இன்னொருமுறை சொல், நான் எழுதிக்கொள்கிறேன்’ என்று கேட்டு அவன் முன்னே உட்கார்ந்த ஒரு மாணவனின் செயல் அது. அந்த மாணவனைப் பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்து ஆசனம் கொடுத்தது. 2021 மே மாதம் புதுச்சேரியில் அவர் மறைந்தபோது அரசு மரியாதையோடு உடலை இடைசெவலுக்குக் கொண்டுவந்து எரியூட்டினார்கள். அவருடைய ‘கதவு’ கதையை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். குழந்தைகள் ஏறி ஆடி, தீப்பெட்டிப் படம் ஒட்டி விளையாடிய ஒரே கதவை, கட்டாத தீர்வைக்காகப் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். அதையும் விளையாட்டென்று நினைத்து அந்தக் குழந்தைகள் பின்னாலேயே ஓடுகின்றன. வறட்சியைப் பற்றி எத்தனை அறிக்கைகள் வந்தாலும், அந்த ஓட்டத்தை எந்த அறிக்கை எழுதும்?

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு நேர்மையான கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். படித்தவர்கள் எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்களா? இல்லை. நம் மாவட்டங்களில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறம் பார்த்துக் கயிறு கட்டுகிறார்கள் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அந்த நிறத்தைப் பார்த்தவுடனே எதிரே வருகிறவன் யார், அவனோடு பேசலாமா, பக்கத்தில் உட்காரலாமா என்பதெல்லாம் முடிவாகிவிடுகின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து ஒரு பள்ளி மாணவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில், கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகிய அடையாளங்களைப் பள்ளிகளில் தடை செய்யுமாறு பரிந்துரைத்தது. தடை வேண்டியதே. ஆனால் நூலை விற்றும் நூலால் தைத்தும் வாழும் ஊர்க்காரனாகிய எனக்கு, ஒரு முழக் கயிறு ஒரு குழந்தையின் கையில் என்னவாக மாறியிருக்கிறது என்று எண்ணும்போது துயரம் தாங்கவில்லை. மணிக்கட்டிலிருந்து கயிற்றை அறுத்தெறியலாம். எதிரே நிற்பவனை ஒரு கதையுடைய மனிதனாகப் பார்க்கும் கண்ணை யார் கொடுப்பது? இடைசெவலின் அந்த இரண்டு சிறுவர்களும் வெவ்வேறு சாதியில் பிறந்தவர்கள். கயிறு கட்டும் காலத்தில் அவர்கள் பிறந்திருந்தால் தமிழுக்கு அந்தக் கடிதங்கள் கிடைத்திருக்குமா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

கடைசியாக நம் தாலுகாவின் தலைமகனிடம் வருகிறேன். வ.உ.சி.யைக் கப்பலோட்டியவராகவும் செக்கிழுத்தவராகவும் அறிவோம்; மாணவராக அறிந்தவர்கள் குறைவு. 1908இல் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்று, மேல்முறையீட்டில் அது குறைந்து, கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் இருந்து, 1912 டிசம்பரில் அவர் வெளிவந்தார். கம்பெனி போயிற்று, கப்பல் போயிற்று, வக்கீல் சன்னது போயிற்று. சிறையின் அந்த நாட்களில் அவர் படித்தார். ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். ‘மெய்யறம்’ என்னும் அறநூல் கண்ணனூர்ச் சிறையில் உருவானது. விடுதலைக்குப் பின் வறுமையில் உழன்றுகொண்டே திருக்குறள் மணக்குடவர் உரையையும் தொல்காப்பிய இளம்பூரணத்தையும் பதிப்பித்தார். பகலெல்லாம் செக்கின் நுகத்தடியில் மாட்டின் இடத்தில் நின்ற தோள், மாலையில் புத்தகத்தின் முன் குனிந்தது என்பதை நினைக்க நினைக்க, ‘இலக்கியம் படித்தால் என்ன வேலை கிடைக்கும்’ என்று கேட்கும் பெற்றோர்க்குச் சொல்ல எனக்கு வேறு பதில் தோன்றவில்லை.

ஆனால் அவர் வாழ்க்கையில் என் உள்ளத்தைக் கவர்ந்த நிகழ்ச்சி இன்னும் சிறியது. ரத்தான சன்னதை அவர் திரும்பப் பெறுவதற்கு உதவியவர் வாலேஸ் என்னும் ஆங்கில நீதிபதி. அந்த நன்றியை மறவாமல் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. எந்த அரசு தம்மை மாடாக்கிச் செக்கில் பூட்டியதோ, அந்த அரசின் இனத்தைச் சேர்ந்த ஒருவரின் பெயரைத் தம் வீட்டுக்குள் நாள்தோறும் அழைக்கும் பெயராக்கிக்கொள்ள எத்தகைய மனம் வேண்டும்! வெள்ளைக்காரன் என்ற ஒரே கோட்டில் வெட்டிவிடும் நியாயம் அவருக்கு இருந்தது. வேறு எவரைக் காட்டிலும் அதிகமாக இருந்தது. அவர் மறுபடியும் அளந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மழை நாள் மாலை, மின்சாரம் நின்று எந்திரங்களெல்லாம் ஓய்ந்திருந்தன. தையல் கூடத்துப் பெண்கள் என்னை ஒரு கதை சொல்லச் சொன்னார்கள். ராஜாவின் கதையைச் சொன்னேன். பட்டன் தைக்கும் பெண் ஒருத்தி, பதினெட்டு வயதிருக்கும், முழுவதையும் கேட்டுவிட்டு, ‘மாஸ்டர், தீபாவளி முடிஞ்ச பொறவு அந்தப் பய எங்க போயிருப்பான்?’ என்று கேட்டாள். கதை அதைச் சொல்லவில்லை என்றேன். ‘கதைய வுடுங்க, நீங்க என்ன நெனைக்கீங்க?’ என்றாள். எனக்குச் சுவரோரமும் சிலேட்டும் கண்முன் வந்தன. பதில் சொல்வதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. எல்லாரும் எந்திரத்துக்குத் திரும்பினார்கள். நான் மட்டும், விரித்த துணியின் மேல் கையை வைத்துக்கொண்டு, நான்காம் வகுப்பில் என்னோடு படித்தவனின் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டு நின்றேன்.